கட்டைவிரல் எட்டும் தூரம்

அத்தியாயம் 17

நசீமுன்னிசாவுக்கு மெர்சி இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆம்பூரில் நசீமுன்னிசா வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பெண்கள் பக்கம் படம் எடுக்க மெர்சிதான் வரவேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று நசீமுன்னிசா போன வாரம் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய மூத்த மகள் கல்யாணத்தை எடுத்ததும் மெர்சிதான். ஆண்கள் கூடத்தில் பிரேம்நாத், பெண்கள் அறையில் மெர்சி. எட்டு வருஷமாக ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் புருஷனும் பெண்டாட்டியும் அப்படித்தான் ஆளுக்கொரு கேமராவோடு போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், அணைக்கட்டில் ஒரு காதுகுத்தை முடித்துக்கொண்டு திரும்பும்போது மழையில் வண்டி சறுக்கியது. ஓட்டி வந்த பிரேம்நாத்துக்கு முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த மெர்சிக்கு வலது கை. அவளுடைய கேமராவும் நொறுங்கிப்போனது. ஆள்காட்டி விரலில் உலோகப் பிளேட் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். விரல் இருக்கிறது, மடங்காது. எதையோ காட்டிக்கொண்டே இருப்பதுபோல் நீட்டியபடி நிற்கும்.

பிரேம்நாத் நாலு மாதம் கூட இருந்தான். அவள் எதைத் தொட்டாலும் ஓடி வந்து எடுத்துக்கொடுத்தான். ஒரு நாள் கை நழுவி டம்ளர் விழுந்தது. அவன் குனிவதற்குள் மெர்சிக்கு ஏனோ ஆத்திரம் வந்துவிட்டது. எல்லாத்தையும் நீயே எடு, எல்லாத்தையும் நீயே செய், நான் எதுக்கு இருக்கேன் என்று கேட்டுவிட்டாள். மூன்றாம் நாள் பெங்களூரில் ஒரு விளம்பர ஸ்டூடியோவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரம் ஒருமுறை. இரண்டு மாதமாக அதுவும் இல்லை. அவள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

அம்மா சவுரியம்மாளுக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கேமராதான் மகளுடைய கையையும் வாழ்க்கையையும் வாங்கிக்கொண்டது. தம்பி வசந்த் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று பார்த்துக்கொண்டால் போதும். அன்று காலை மெர்சியும் வசந்த்தும் வேலூருக்குக் கிளம்பியபோதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லியைக் கட்டி வசந்த் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வசந்த் அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அக்காவுக்குக் கேமரா வாங்கித் தருவது என்று அவனாகவே முடிவு செய்து, ஒரு மாதமாகப் போனில் பார்த்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தான். ஆம்பூரிலிருந்து காட்பாடி வரைக்கும் ரயிலில் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தான். எத்தனை மெகா பிக்சல், இருட்டில் எப்படி எடுக்கும், முகத்தை அதுவே எப்படித் தேடிப் பிடிக்கும் என்று எல்லாம் மனப்பாடம்.

மெர்சி ஜன்னல் வழியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் எப்படி உட்காரும் என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். சின்னதுதான், லேசானது, உனக்குச் சுமையே இருக்காது என்றான் வசந்த்.

*

வேலூரில் ஜான் பாஷாவின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. புதுசும் விற்பார், பழசும் வாங்குவார். அந்த வட்டாரத்தில் கல்யாணம் எடுக்கிறவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு நாள் அந்தக் கண்ணாடி மேஜையில் முழங்கை ஊன்றி நின்றவர்கள்தான். மெர்சியும் பிரேம்நாத்தும் தங்களுடைய முதல் கேமராவை வாங்கியதும் அங்கேதான்.

ஜான் பாஷா அவள் கையைப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. மேஜை மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டு, எதை எடுக்கட்டும் என்று மட்டும் கேட்டார்.

வசந்த் பெயரைச் சொன்னான். கறுப்பாக, அழகாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு மெர்சி ஒரு கேமராவைத் தொட்டாள். முகம் யாருக்கும் தெரியாமல் இருக்கக் குனிந்து, அதைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

படம் எடுக்கிற பட்டனை இனி நடு விரலால்தான் அழுத்த முடியும். அந்த விரல் மேலே போய்விட்டால் கேமராவைப் பிடித்துக்கொள்ள மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். கேமரா சின்னதாக இருந்ததால் சுண்டு விரலுக்கு அதில் இடமே இல்லை. அடியில் நழுவித் தொங்கியது. நீட்டிய ஆள்காட்டி விரல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. ஒற்றை மோதிர விரலில் அவ்வளவும் தொங்க, கேமரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது எப்படி என்று கேட்டாள். பின்னால் இருந்த திரையைத் தொட்டுத் தள்ளிக் காட்டினான் வசந்த். ரொம்ப ஈசி என்றான்.

மெர்சி நசீமுன்னிசா வீட்டுப் பெண்கள் அறையை நினைத்துக்கொண்டாள். ஒரே கூட்டம். ஜன்னல் பக்கம் வெயில், உள் பக்கம் இருட்டு. மணப்பெண் ஒரு கணம் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்ப்பாள். அந்த ஒரு கணம்தான். அப்போது கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்துத் திரையைத் தேடினால், அவள் மறுபடியும் தலையைக் குனிந்திருப்பாள்.

“கை தானா போய்க் கண்டுபிடிக்கணும்டா. நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது” என்றாள்.

அவளுக்கு உள்ளே கண்ணாடி ஏறி இறங்குகிற பழைய மாதிரிக் கேமராதான் வேண்டும். கனமாக இருந்தால் பரவாயில்லை, லென்ஸின் அடியில் இடது கையைக் கொடுத்து அந்தக் கனத்தைத் தாங்கிக்கொள்வாள். ஜான் பாஷா தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். அது அந்த வகையில் சின்னது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குவது. பிடி கொஞ்சம் மேல். ஆனால் அதில் வெளிச்சத்தையும் வேகத்தையும் மாற்ற ஒரே ஒரு சக்கரம். இரண்டாவது வேலைக்கு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு விரல் கேட்டது. கொடுக்க அவளிடம் இல்லை.

மூன்றாவது பெரியது. இரண்டு சக்கரம், ஆழமான பிடி. எல்லா விரலுக்கும் இடம் இருந்தது. ஒரு சக்கரம் பின்னால், இன்னொன்று முன்னால், ஆள்காட்டி விரலுக்குக் கீழே. அந்த விரல் அதைத் தாண்டி எங்கோ நின்றது.

மெர்சி கேமராவைக் கீழே வைத்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது. வசந்த் மெல்ல, முதலில் பார்த்ததையே எடுத்துக்கொள்ளலாம், பழகினால் சரியாகிவிடும் என்று சொன்னான். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேண்டாம், அம்மா சொன்ன வேலைக்கே போய்விடலாம் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

ஜான் பாஷா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். பிறகு குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தார்.

“இன்னொண்ணு இருக்குதும்மா. பழசுதான். கையில எடுத்துத்தான் பாரேன்.”

அதன் ஓரங்களில் கறுப்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. மெர்சி வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தாள். எடுத்ததும் மோதிர விரலும் சுண்டு விரலும் பிடிக்குள் போய் அமர்ந்துகொண்டன. மேல் பக்கம் சரிந்திருந்ததால் நீட்டிய விரல் எதிலும் முட்டாமல் அதன்மேல் படுத்தது. நடு விரல் பட்டன் மேல் இருந்தது.

ஃபோகஸ் பண்ணப் பட்டனைப் பாதி அழுத்தினாள். லென்ஸ் அசையவில்லை. பழுதோ என்று நினைத்துக்கொண்டே பிடியைச் சரிசெய்தபோது, பின்பக்கம் கட்டைவிரல் ஒரு பட்டனில் பட்டது. விர்ரென்று லென்ஸ் திரும்பி, எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரின் தேதி துல்லியமாகத் தெரிந்தது.

மெர்சி அப்படியே நின்றாள்.

யாரோ, ஃபோகஸ் பண்ணுகிற வேலையை முன் பட்டனிலிருந்து எடுத்துக் கட்டைவிரலுக்குக் கொடுத்திருந்தார்கள். முன் சக்கரத்தின் வேலையும் பின் சக்கரத்துக்கு மாறியிருந்தது. ஆள்காட்டி விரல் செய்யவேண்டியது என்று எதுவுமே மிச்சம் இல்லை. பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினாள். கண்ணை எடுக்காமலே, ஒவ்வொரு கிளிக்குக்கும் வெளிச்சம் ஒரு படி கூடுவது தெரிந்தது.

இது யாருடையது என்று கேட்டாள். ஜான் பாஷா விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். யாரோ கொண்டுவந்து வைத்தது என்றார்.

அவள் மெனுவுக்குள் போனாள். படம் எடுத்தவர் பெயரைப் பதிந்து வைக்க அதில் ஒரு இடம் உண்டு. விற்கும்போது பலர் அழிக்க மறந்துவிடுவார்கள். அங்கே ஐந்து ஆங்கில எழுத்து இருந்தது.

மெர்சி.

*

ஜான் பாஷா அதற்கு மேல் மறைக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் பிரேம்நாத் வந்தானாம். வலது ஆள்காட்டி விரலை ஒரு ஐஸ் குச்சியோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டுச் சுற்றியிருந்தானாம். அடிபட்டுவிட்டதா என்று கேட்டாராம். இல்லை என்றானாம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கடையில் இருக்கிற ஒவ்வொரு கேமராவையும் அந்தக் கையால் எடுத்து எடுத்துப் பார்த்தானாம். கடைசியில் இதைத்தான் தேர்ந்தெடுத்தான். ஒவ்வொரு பட்டனாக மாற்றி, எடுத்துப் பார்த்து, மறுபடி மாற்றி, இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். வாங்கி கூரியரில் அனுப்பினான். அது திரும்பி வந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் அதை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

“நீ என்னிக்காவது வருவேன்னு சொன்னான்மா. வந்தா எல்லாத்தையும் கையில குடுங்க பாய், கடைசியா இதைக் குடுங்க. அவளுக்கா பிடிச்சிருந்தா எடுத்துக்கட்டும், என் பேரைச் சொல்லாதீங்கன்னான். நான் வாக்குக் குடுத்துட்டேன். நீயே கண்டுபிடிச்சிட்டே.”

மெர்சிக்கு முதலில் ஒரு வார்த்தைதான் மனசில் நின்றது. திரும்பி வந்துவிட்டது. எங்கிருந்து? அவள் எதையும் திருப்பி அனுப்பவில்லையே.

வசந்த்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“ஏப்ரல்ல வந்துச்சுக்கா” என்றான். “நீ கைக்குப் பயிற்சின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தே. பேரைப் பார்த்தேன். வாங்க முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

“பிரிச்சுப் பார்த்தியா?”

“இல்ல.”

கடைக்கு வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜான் பாஷா டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனார்.

“அவன் போன் நின்னதும் ஏப்ரல்லதான்” என்றாள் மெர்சி. “நான் மறந்துட்டான்னு நெனச்சேன். அவன் நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சிருப்பான்.”

வசந்த் ஒரு மாதிரி வேகத்தோடு பேச ஆரம்பித்தான். கை உடைந்தவளை விட்டுவிட்டுப் போன ஆள், அந்த ஆளுடைய பொருள் நம் வீட்டுக்குள் எதற்கு, நீ ராத்திரியெல்லாம் அழுததை நான் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தேன் என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவளுடைய மடங்காத விரல் அந்தத் தேய்ந்த கேமராவின் மேல் படுத்திருப்பது அவன் கண்ணில் பட்டிருக்கவேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கெஞ்சுவதுபோல் கேட்டான். ரகசியம்தான் தெரிந்துவிட்டதே, இதே மாதிரி பட்டனையெல்லாம் அந்த மூன்றாவது கேமராவில் மாற்றிக்கொள்ளலாமே. அது புதுசு. அந்த ஆளுடைய தயவு நமக்கு வேண்டாம்.

அதில் நியாயம் இருப்பதாக மெர்சிக்கும் பட்டது. திரும்பி வந்த ஜான் பாஷாவிடம் மூன்றாவதைக் கேட்டாள். இருவருமாக உட்கார்ந்து அதிலும் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிடி நன்றாகத்தான் இருந்தது. நடு விரலும் சரியாக விழுந்தது. பின்பக்கத்துப் பட்டனுக்கு மட்டும் கட்டைவிரல் ஒரு நூல் எட்டவில்லை. எட்டவேண்டுமானால் பிடியைத் தளர்த்தவேண்டும். தளர்த்தினால் நழுவியது. மூன்று தடவை, நாலு தடவை முயன்றாள்.

பிறகு பழையதை எடுத்தாள். எட்டியது.

“அவன் குடுத்ததுங்கறதுக்காக இல்லடா” என்றாள். “எட்டுது. அவ்வளவுதான்.”

அது முழு உண்மையா என்று கேட்டிருந்தால் அவளால் சத்தியம் செய்திருக்க முடியாது. கை தேர்ந்தெடுத்ததா, மனசு தேர்ந்தெடுத்துவிட்டுக் கையைச் சாட்சிக்குக் கூப்பிட்டதா, அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்கு அதைப் பிரித்துப் பார்க்க அவள் விரும்பவும் இல்லை.

காட்பாடிக்குத் திரும்புகிற டவுன் பஸ்ஸில் நசீமுன்னிசாவுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னாள். அந்தப் பக்கம் நசீமுன்னிசா நெடுநேரம் பேசினாள். மெர்சி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் கேமரா இருந்தது. பதினோரு மாதத்துக்கு முன்னால் இருந்த அதே கனம்.

*

காட்பாடி ஸ்டேஷனில் ஆம்பூர் போகிற ரயிலுக்கு இன்னும் அரைமணி இருந்தது. வசந்த் தண்ணீர் வாங்கப் போனான். மெர்சி பெஞ்சில் உட்கார்ந்து பிரேம்நாத்தின் நம்பரை அழுத்தினாள். எடுக்கமாட்டான் என்று தெரியும். அடித்து ஓயட்டும் என்றுதான் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மணியில் எடுத்தான்.

எடுத்தானே தவிரப் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சண்டை போடுவதா, அழுவதா, சாப்பிட்டாயா என்று கேட்பதா? எதைத் தொடங்கினாலும் தப்பாகிவிடும்போல் இருந்தது. போனை மடியில் வைத்தாள். கேமராவை அதன் பக்கத்தில் கொண்டுபோய், தண்டவாளத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்தாள். டக் என்று கண்ணாடி மேலே போய்க் கீழே விழுகிற சத்தம். இன்னொன்று எடுத்தாள்.

போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் மூச்சு மாறியிருந்தது.

“கட்டைவிரல் எட்டுதா?” என்றான் பிரேம்நாத்.

“எட்டுது.”

“இழுத்துப் பிடிக்காம எட்டுதா?”

“ம். சும்மாவே எட்டுது.”

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பார்சல் வந்தது எனக்குத் தெரியாது என்று அவள் சொன்னாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்.

“பெங்களூர்லதான். ரூம்ல இருக்கேன்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் பின்னால் ஒலிபெருக்கி தெளிவாகப் பேசியது. பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி, அரக்கோணம் சந்திப்பின் ஐந்தாவது நடைமேடை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் போனைக் கையால் பொத்துவது கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று அவசரமாகச் சொன்னான். தொடர்பு அறுந்தது.

மெர்சி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்கோணம், இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். ஏழு மாதமாக அவன் அங்கேதானா? அங்கே என்ன செய்கிறான்? எதற்காகப் பெங்களூர் என்று சொல்லவேண்டும்?

ஆம்பூர் ரயில் வந்து நின்றது. வசந்த் ஏறி, அவளுக்காக வாசலில் நின்றான். அவள் எழுந்தாள், ஏறவில்லை.

“நீ போ. அம்மாகிட்ட நான் வர லேட்டாவும்னு சொல்லு.”

“எங்கக்கா?”

“அரக்கோணம். உன் மாமா அங்க இருக்கான்.”

அவன் ஏதோ கேட்டான். அது காதில் விழுவதற்குள் அவள் மேம்பாலப் படிகளில் ஏறிவிட்டாள். பாதிப் பாலத்தில் இருக்கும்போது கீழே ரயில் நகர்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டிக்கெட் கவுண்டரில் கூட்டம் கம்மிதான். மெர்சி கேமராவை இடது தோளில் இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்குள் பணத்தை நீட்டினாள்.

“அரக்கோணம் ஒண்ணு.”

“ரெண்டு” என்றது பின்னால் ஒரு குரல்.

வசந்த்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பான் போலிருக்கிறது. செருப்பில் ஒன்று வார் அறுந்திருந்தது.

“திருப்பி அனுப்பினது நான்தானே” என்றான் தரையைப் பார்த்தபடி. “மாமாகிட்ட அதை நான்தான் சொல்லணும்.”

மெர்சி இரண்டு டிக்கெட்டையும் எடுத்து, ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.